தாயையும் பிள்ளையையும் பிரிக்கக் கூடாது என்ற டாக்டரம்மா



சம்பளம், போனஸ், வீட்டுப் பிரச்சினை என்று வாரா வாரம் இந்தப் பகுதியில் பேசி வருகிறோம். இந்த வாரம் ஒரு டாக்டரம்மாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதலாம் என்று எண்ணினோம். சம்பளத்துக்கும் டாக்டரம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பிள்ளை பிறந்த வீட்டில் பால் டின் வாங்கும் காசு எங்கிருந்து வருகிறது? வெயிலிலும் மழையிலும் நாம் பாடுபட்டுக் கொண்டு வரும் சம்பளத்திலிருந்துதானே?

ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும். பச்சைப்புள்ள அழுகிறது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஒருத்தர், ஆத்தாளுக்குப் பால் பத்தல என்று சொல்லிவிட்டுப் போகிறார். அன்று சாயங்காலமே கடையிலிருந்து டின் வந்துவிடுகிறது. டின் வந்த வீட்டில் தாய்ப்பால் குறைகிறது. தாய்ப்பால் குறையக் குறைய டின் கூடுகிறது. இது இன்று நேற்று வந்த கதையல்ல. ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே, நம் மலாயா மண்ணில் நின்றுகொண்டு இந்தக் கதையை ஊரறியச் சொன்னவர்தான் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார்.

தோட்ட முதலாளி குடும்பத்துப் பெண்

சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ் 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் ஜமைக்கா தீவில் பிறந்தார். ஜமைக்கா கரும்புத் தோட்டங்களின் தீவு. அடிமை முறை ஒழிந்த பிறகு அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் வேண்டுமென்று 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். சஞ்சிக் கூலியாக நம் முன்னோர் பினாங்கில் வந்து இறங்கிய கதைக்கு அது கூடப்பிறந்த கதை.

சிசிலி அம்மையார் கூலி வீட்டில் பிறந்தவரல்ல. அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்தத் தீவில் நிலபுலன் வைத்திருந்த வெள்ளைக்காரக் குடும்பம். தகப்பனார் ஜமைக்காவின் கல்வி இலாகாவுக்குத் தலைவர். நம் பேச்சில் சொன்னால் துரைமார் வீட்டுப் பெண். துரைமார் வீட்டில் பிறந்த ஒருவர் கடைசியில் ஏழைத் தாய்மார் பக்கம் வந்து நின்றார் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

13 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 19 வயதில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்தது. ஆனால் ஜமைக்காவில் புயலும் பூகம்பமும் வந்து குடும்பத்துக்குக் கஷ்டம். படிப்பை ஒத்திவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். 1916-ல் தகப்பனார் இறந்த பிறகுதான் மறுபடியும் ஆக்ஸ்ஃபோர்டு போய் டாக்டர் படிப்பில் சேர்ந்தார். அது முதலாம் உலகப் போர் நேரம். ஆம்பிளைகளெல்லாம் போர்க்களத்துக்குப் போய்விட்டதால்தான் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்தது. 1923-ல் டாக்டராகத் தேறினார். போர் முடிந்து ஆண் டாக்டர்கள் திரும்பி வந்ததும் பெண் டாக்டர்களுக்கு வேலை கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. ஆள் தட்டுப்பாடு வந்தால் பெண்ணைக் கூப்பிடுவதும், தட்டுப்பாடு தீர்ந்தால் பெண்ணை ஒதுக்குவதும் தோட்டத்தில் மட்டும் நடக்கிற காரியமல்ல என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

லண்டனில் பெண்களும் பிள்ளைகளும் வரும் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார். பிள்ளைக்கு என்ன நோய் என்று மட்டும் பார்த்தால் போதாது, பிள்ளை வந்த வீடு எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்கு வேர்விட்டது. 1929-ல் பிரிட்டிஷ் காலனி மருத்துவ சேவையில் சேர்ந்தார். வேலையின் பெயரே பெண் மருத்துவ அதிகாரி என்பதுதான். அப்படித் தனிப் பெயர் வைத்ததற்குக் காரணம், ஆண் டாக்டரைவிடக் குறைந்த சம்பளம் கொடுப்பது. ஒரே வேலை, ஒரே படிப்பு, இரண்டு சம்பளம். அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. நமக்கும் பிடிக்காது.

மூத்த பிள்ளைக்கு வரும் நோய்

அவரை அனுப்பிய இடம் மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கோல்டு கோஸ்ட். இன்று அந்த நாட்டுக்குக் கானா என்று பெயர். அக்ரா நகரத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அவர் பார்த்த காட்சி நெஞ்சைப் பிளப்பதாக இருந்தது. ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் கை கால் வீங்கி, வயிறு உப்பி, தலைமயிர் செம்பட்டையாகி, தோல் உரிந்து வந்து சேர்ந்தன. வந்த பிள்ளைகளில் பல திரும்பிப் போகவில்லை.

மேல்நாட்டுப் புத்தகத்தில் இந்த நோய்க்குப் பெயரில்லை. அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊர்ப் பெண்களிடமே போய்க் கேட்டார். அவர்கள் பேசும் கா மொழியில் அதற்குக் குவாஷியோர்கர் என்று பெயர் இருந்தது. அடுத்த பிள்ளை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே காரணமும் இருந்தது. தாய் மறுபடியும் முழுகாமல் இருந்தால் மூத்த பிள்ளைக்குப் பால் மறக்க வைத்துவிடுவார்கள். அதன் பிறகு அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பது சோளக் கஞ்சி மட்டும்தான். பருப்பில்லை, மீனில்லை, முட்டையில்லை. வயிறு நிறைந்தாலும் உடம்பு வளரச் சத்தில்லை.

1933-ல் இதைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். பெரிய நிபுணர் ஒருவர் இது புதிய நோயல்ல, முன்பே தெரிந்த வேறொரு நோய் என்று மறுத்தார். அம்மையார் விடவில்லை. 1935-ல் மறுபடியும் எழுதினார். இந்த முறை அந்த ஊர்த் தாய்மார் சொன்ன பெயரையே தலைப்பில் வைத்தார். இன்று உலகம் முழுக்க டாக்டர்மார் படிக்கிற புத்தகத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. படிக்காத தாய் சொன்ன சொல்லைப் படித்தவர்கள் ஏற்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்டில் அவர் இன்னொன்றையும் பார்த்தார். கைப்பிள்ளை தாயின் முதுகிலேயே கட்டப்பட்டிருந்தது. சந்தைக்குப் போனாலும் காட்டுக்குப் போனாலும் கூடவே போனது. இரவில் தாய்க்குப் பக்கத்திலேயே படுத்தது. அழுவதற்கு முன்பே அதற்குப் பால் கிடைத்தது. அந்த முதல் வருசத்தில் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தது. தாயை விட்டுப் பிரிந்த பிறகுதான் பிள்ளைக்குக் கேடு வந்தது. தாயும் பிள்ளையும் இரண்டு ஆள் அல்ல, ஓர் ஆள் மாதிரி என்ற எண்ணம் அவர் மனதில் ஆழமாகப் பதிந்தது.

மலாயாவுக்கு வந்தார்

1936-ல் அம்மையாருக்கு மலாயாவுக்கு மாற்றல் வந்தது. சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார், மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆப்பிரிக்காவில் ஒரு வயதுக்கு மேல்தான் பிள்ளைகள் நோயில் விழுந்தன. இங்கேயோ பிறந்த சில வாரத்திலேயே பிள்ளைகள் வயிற்றுப் போக்கில் செத்தன. ஏன் என்று தேடினார்.

ஒரே வீட்டுக்குள் பத்துக் குடும்பம் நெருக்கியடித்துக் குடியிருந்த காலம் அது. அந்தச் சந்துகளுக்குள் தாதி மாதிரி வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் வந்து போனார்கள். அவர்கள் தாதிகள் அல்லர். பால் கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வைத்த விற்பனைக்காரிகள். பிள்ளை பெற்ற வீடு எது என்று தேடிப் போய், சீனி போட்ட கெட்டிப்பால் தாய்ப்பாலுக்கு நிகர் என்றும், பிள்ளை நன்றாக வளரும் என்றும் ஆசை காட்டினார்கள். உடுப்பைப் பார்த்து நம்பிய ஏழைத் தாய் டின்னை வாங்கினாள்.

அந்தக் கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான். ஏடெடுத்த பாலில் செய்த டின் என்றால் இன்னும் மோசம். அதில் கொழுப்புமில்லை, கண்ணுக்கு வேண்டிய ஏ வைட்டமினுமில்லை. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைக்குக் கண் பார்வையே போகலாம். டின்னுக்குக் காசு பத்தாத வீட்டில் தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை, போத்தலும் சுத்தமில்லை. இதற்குள் மார்பில் பால் வற்றிவிடும். திரும்பிப் போக வழியில்லை. பிள்ளை வயிற்றுப் போக்கில் போய்விடும். விதி என்று அழுதுவிட்டு அடக்கம் செய்வார்கள்.

விதி அல்ல என்றார் சிசிலி அம்மையார்.

1939-ல் நடந்த கூட்டம்

1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசும்படி அம்மையாருக்கு அழைப்பு வந்தது. அந்தக் காலத்து ரோட்டரி சங்கம் என்றால் பெரிய வியாபாரிகள், கம்பெனித் தலைவர்கள் கூடும் இடம். அன்றைய சங்கத் தலைவரே ஒரு பெரிய பால் கம்பெனியின் தலைவர் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். சாதாரணமாக அப்படிப்பட்ட சபையில் என்ன பேசுவார்கள்? நாலு நல்ல வார்த்தை சொல்லி, தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

அம்மையார் தம் பேச்சுக்குப் பாலும் கொலையும் என்று தலைப்பு வைத்தார். தாய்ப்பாலைக் கெடுத்துப் பொருந்தாத பாலைப் பச்சைப்பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லும் பிரசாரத்தால் சாகிற ஒவ்வொரு குழந்தையின் சாவையும் கொலையாகத்தான் கருத வேண்டும் என்று அந்தச் சபையின் முகத்துக்கு நேரே சொன்னார். அறியாமையால் செய்தாலும் ஆதாயத்துக்காகச் செய்தாலும் செத்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது அவர் வாதம்.

இதைச் சொன்னவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அரசாங்கச் சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர். பெண். ஆண் டாக்டரைவிடக் குறைந்த சம்பளக்காரர். மேலிடத்துக்குக் கோபம் வந்தால் எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம். துரை முன்னால் நின்று ஒரு நியாயத்தைப் பேசப்போகும்போது தொண்டை அடைக்கும் என்பது நம் தலைவர்களுக்குத் தெரியும். அம்மையார் சந்தா கட்டிய சங்கம் எதுவும் அவருக்குப் பின்னால் இல்லை. தனியாகத்தான் நின்றார்.

சாங்கி சிறையில் பிறந்த பிள்ளைகள்

1941-ல் அம்மையார் திரெங்கானுவில் வேலை பார்த்தார். அந்த வருசம் டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். திரெங்கானு பக்கத்திலேயே இருந்தது. அம்மையார் காட்டு வழியாக நடந்து தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அங்கே குண்டு மழைக்கு நடுவே பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. வெள்ளைக்காரப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கி சிறைக்கு நடத்திக் கொண்டு போனார்கள். அதில் அம்மையாரும் ஒருவர். அதே காலத்தில்தான் நம் தோட்டத்து ஆட்களைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக் கொண்டு போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தத் துயரத்தை நம் பாட்டிமார் சொல்ல நாம் கேட்டு வளர்ந்தோம்.

சாங்கியில் அம்மையார் பெண்கள் முகாமுக்குத் தலைவியாகவும் இருந்தார். 1943 அக்டோபரில் ஜப்பானிய ராணுவப் போலீஸ் சிறைக்குள் புகுந்து உளவு பார்த்ததாகச் சொல்லிப் பலரைப் பிடித்தது. அம்மையாரையும் கொண்டு போனார்கள். பல மாதம் கூண்டு போன்ற அறையில் ஆண்களோடு சேர்த்து அடைத்து வைத்தார்கள். உட்கார மட்டும் இடம். உயிரோடிருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே சாகிறவர்கள். அவர் உயிரோடு மீண்டது பெரிய காரியம். சத்தில்லாத சோற்றால் வந்த பெரிபெரி நோய் அவர் கால்களை மரத்துப் போகச் செய்தது. அந்தக் குறை அவரோடேயே இருந்தது.

இப்போது நாம் சொல்லப் போவதுதான் இந்த வரலாற்றின் நெஞ்சு. அந்தச் சிறைவாச காலத்தில் பெண்கள் முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. தாய்மாருக்கு வயிறாரச் சோறில்லை. பால் டின் இல்லை. போத்தல் இல்லை. தனிக் குழந்தை அறை இல்லை. பிள்ளையை வைக்க ஒரே இடம் தாயின் மடிதான். 20 பிள்ளைகளும் தாய்ப்பால் குடித்தன. 20 பிள்ளைகளும் பிழைத்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

சமாதான காலத்தில், கடை நிறைய டின் இருந்த சிங்கப்பூரில், பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தன. பட்டினி கிடந்த சிறையில் பிறந்த பிள்ளைகள் பிழைத்தன. அம்மையார் இந்தக் கணக்கைப் பின்னால் அறிக்கையாக எழுதி வைத்தார். ஆத்தா சரியாகச் சாப்பிடல, அதனால் பால் இருக்காது என்று சொல்லும் வாய்களுக்கெல்லாம் இந்த இருபது பிள்ளைகள்தான் பதில். தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அது தாயின் உடம்புக்காக. ஆனால் ஏழைத் தாயின் மார்பிலும் பிள்ளைக்கு வேண்டிய பால் சுரக்கும்.

உலகம் கேட்டது

போர் முடிந்த பின் அம்மையார் மலாயாவின் தாய் சேய் நலப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார். 1948-ல் உலகச் சுகாதார நிறுவனம் ஜெனிவாவில் தாய் சேய் நலப் பிரிவைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவராக அவரையே வைத்தது. பிறகு தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்குப் பொறுப்பேற்று இந்தியாவிலும் பணி செய்தார். லண்டனில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தினார். பெய்ரூட்டில் பேராசிரியராக இருந்தார். போன இடமெல்லாம் ஒரே பாடம்தான். நோய் தீர்க்கும் வேலையும் நோய் வராமல் தடுக்கும் வேலையும் தனித்தனி அல்ல, தாயும் பிள்ளையும் தனித்தனி அல்ல. 1972-ல் டாக்டர் டெரிக் ஜெலிஃபுடன் சேர்ந்து தாய் சேய் நலச் சேவை பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

1939-ல் அவர் விதைத்த விதை முளைக்க நாளாயிற்று. 1974-ல் இங்கிலாந்தில் ஒரு சிறு வெளியீடு, ஏழை நாடுகளில் பால் மாவு விற்கப்படும் விதத்தைப் படம் பிடித்துக் காட்டியது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே கம்பெனியின் பொருள்களை வாங்கக் கூடாது என்று மக்கள் பகிஷ்காரம் தொடங்கினார்கள். 1979-ல் மலேசியா குழந்தைப் பால் மாவு விற்பனைக்கு ஒழுங்கு விதிகளைக் கொண்டு வந்தது. 1981 மே மாதம் உலகச் சுகாதார மாநாட்டில், தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்துக்கு உலகளாவிய விதிகள் நிறைவேறின. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றுதான். விற்பனைக்காரிக்குத் தாதி உடுப்புப் போட்டு வீட்டுக்கு அனுப்பும் வேலையெல்லாம் அந்த விதிகளின்படி தடை. ஒரு பெண் தனியாக நின்று பேசியதை 42 ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் கைதூக்கி ஒப்புக்கொண்டது.

அந்தப் பழைய பேச்சை 1986-ல் மறுபடியும் அச்சிட்டு வெளியிட்டவர்கள் எங்கே இருந்தார்கள் தெரியுமா? நம் பினாங்கில். பயனீட்டாளர் சங்கங்களின் அனைத்துலக அமைப்பு அங்கேயிருந்துதான் அதை வெளியிட்டது. தாய்ப்பாலுக்கான உலகக் கூட்டணியின் தலைமையகமும் பினாங்கில்தான். 1992 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த முதல் வாரத்துக்குச் சில வாரங்களுக்கு முன், 1992 ஜூலை 13-ஆம் நாள், ஆக்ஸ்ஃபோர்டில் சிசிலி அம்மையார் கண்மூடினார். வயது 98. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்ற பிள்ளை இல்லை. ஆனால் அவரால் பிழைத்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை.

இன்று நாம் செய்ய வேண்டியது

அம்மையார் தம் கண்ணால் பார்த்துச் சொன்னதை இன்றைய வைத்தியம் காரணத்தோடு விளக்குகிறது. பிள்ளை பிறந்ததும் துடைத்து, தாயின் வெறும் மார்பின் மேல் படுக்கவைக்க வேண்டும். தாயின் சூடு பிள்ளைக்குப் போகும். பிள்ளை வாசனை பிடித்துத் தானே மார்பைத் தேடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆபரேஷன் செய்து பெற்ற தாயும் நினைவு தெளிந்ததும் இப்படிப் பிள்ளையை வைத்துக்கொள்ளலாம். தாயும் பிள்ளையும் இரவு பகல் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பது, பிள்ளை நேய ஆஸ்பத்திரிகளுக்கு வகுக்கப்பட்ட பத்துப் படிகளில் ஒன்று. நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் இந்த முறைதான். காரணம் சொல்லாமல் பிள்ளையை வேறு அறையில் வைத்தால், ஏன் என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

முதல் இரண்டு மூன்று நாள் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும் பழக்கம் நம் பெரியவர்களிடம் இருந்தது. அதைக் கொட்டக் கூடாது. பிள்ளைக்கு நோயை எதிர்க்கும் சக்தியைத் தருவது அதுதான். முதல் தடுப்பூசி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவு கொஞ்சமாகத்தான் வரும். அன்றைக்குப் பிள்ளையின் வயிறும் சின்னதுதான். சீனித் தண்ணீரோ சேனையோ விளக்கெண்ணெயோ தேனோ கொடுக்க வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து.

பால் சுரக்கும் கணக்கு பால்மரக் கணக்குக்கு நேர் எதிர். மரத்தை ஓயாமல் வெட்டினால் மரம் ஓய்ந்துபோகும். தாயின் மார்போ, பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை வரை குடிப்பது சாதாரணம். இரவில் குடிப்பதும் மிக முக்கியம். அதனால்தான் பிள்ளை பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளை வாயைச் சப்புவதும், தலையைத் திருப்பித் தேடுவதும், கையைச் சூப்புவதும் பசியின் அடையாளம். அழுகை கடைசி அடையாளம். வேறு அறையில் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தால் இந்த அடையாளங்கள் தாய்க்குத் தெரியாது. அழுகை மட்டும்தான் கேட்கும். பால் பத்தல என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

பால் பத்துகிறதா என்பதற்கு ஈரத் துணியைப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனால், எடையும் ஏறினால், பால் பத்துகிறது என்று அர்த்தம். மூத்திரம் குறைந்தாலோ, பிள்ளை குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கண்ணும் உடம்பும் மஞ்சளித்தாலோ, காத்திருக்காமல் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். பக்கத்தில் படுக்கவைக்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையணை, கம்பளி எதுவும் முகத்தில் படாமல், தாய்க்கு எட்டும் தூரத்தில் தனிப் படுக்கையில் வையுங்கள். குடித்தவரோ புகை பிடிப்பவரோ அந்தப் படுக்கையில் படுக்கக் கூடாது.

சில தாய்மாருக்கு நோய் காரணமாகவோ மருந்து காரணமாகவோ பால் கொடுக்க முடியாமல் போகலாம். டாக்டர் சொல்லிப் பால் மாவு கொடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. அந்தத் தாயை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. சிசிலி அம்மையார் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. தாயை ஏமாற்றியவர்களைத்தான் ஏற்றினார். ஆனால் தேநீருக்கு ஊற்றும் கெட்டிப்பாலும் கிரீமர் டின்னும் எந்தக் காலத்திலும் பச்சைப்பிள்ளைக்கு ஆகாது என்பதை மறந்துவிடலாகாது.

தொழிலாளர் வீட்டில் இதற்கெல்லாம் நேரம் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும் என்று பச்சைப்பிள்ளையை ஆயக்கொட்டகையில் போட்டுவிட்டு, மார்பு கனக்கக் கனக்க மரம் வெட்டினார்கள் நம் பாட்டிமார். அவர்களுக்கு டின் ஆசையாக வரவில்லை. வேறு வழியில்லாமல் வந்தது. இன்று தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ்ப் பிரசவ விடுமுறை 98 நாள். 60 நாளாக இருந்ததை 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து உயர்த்தினார்கள். குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் பெண்ணாக இருந்தாலும், நமக்கு அதெல்லாம் கிடையாது என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். பிரசவப் படி பெறுவதற்கு நிபந்தனைகள் உண்டு. மாசமாக இருக்கும்போதே சங்கக் காரியாலயத்தில் வந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

வேலைக்குத் திரும்பிய பிறகும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. பாலைப் பீய்ச்சிச் சுத்தமான மூடிப் பாத்திரத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் நான்கு நாள் வரை இருக்கும். நம் ஊர்ச் சூட்டில் வெளியே நெடுநேரம் வைக்கக் கூடாது. வேலையிடத்தில் பால் பீய்ச்ச ஒரு மறைவான இடமும் கொஞ்ச நேரமும் வேண்டும். இது தானாகக் கிடைக்காது. தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பெண்கள் எழுந்து பேச வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சு வார்த்தைக்கு அனுப்பும் கோரிக்கைகளில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆண் தோழர்கள் இதைப் பொம்பளைங்க சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெற்றவள் பால் கொடுக்கும் வேளையில் தண்ணீர் தூக்குவதும், துணி துவைப்பதும், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் தகப்பன் வேலை. பால் பத்தல என்று சொல்ல வரும் வாயை வாசலிலேயே நிறுத்துவதும் தகப்பன் வேலைதான்.

உங்கள் தோட்டத்தில் இந்த மாதம் யார் வீட்டில் பிள்ளை பிறக்கப் போகிறது? இந்தப் பக்கத்தை அந்த வீட்டில் கொண்டு போய்ப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். சாங்கி சிறையில் பிறந்து பிழைத்த அந்த இருபது பிள்ளைகளின் கதையை முதலில் சொல்லுங்கள்.